குப்பண்ணனின் தாயார்

பூவாத்தாளைப் பற்றி யாராவது உருக்கமாகப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன். அவள் நல்லவள்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர் போர்டுப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில், அத்தனை ஜனத்துக்கு நடுவில், அவள் சொன்ன பதிலை நேரில் கேட்டவள் நான். அப்போது ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை.

எங்கள் ஊர் மல்லசமுத்திரத்துக்கு மேற்கே, கடலைக் காடுகளுக்கு நடுவில் இருக்கிறது. நாங்கள் தறிக்காரர்கள். அப்பா சென்றாயன், அம்மா கண்ணாத்தாள். பூவாத்தாள் தோட்டத்துக்காரி. தெருவைத் தாண்டி, வண்டித் தடத்தில் கொஞ்ச தூரம் போனால் கிணறும் அதை ஒட்டி அவர்கள் வீடும் வரும். புருஷன் நாச்சிமுத்துக் கவுண்டர் சாதுவான மனிதர். மாட்டை அதட்டுகிற குரலைத் தவிர அவர் குரலை நான் அதிகம் கேட்டதில்லை. அவர்களுக்கும் எங்களுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஒரு படி தவிட்டால் உறவானோம்.

பூவாத்தாளுக்கு முதல் மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. ஒன்று பிறந்த அன்றே போயிற்று. ஒன்றை அம்மை கொண்டுபோயிற்று. மூன்றாவது பையன், நன்றாக ஓடியாடிப் பேசுகிற வயது வரைக்கும் இருந்தான். சந்தையில் மிளகாய்க்காரர் போட்ட கணக்கை அவன் அப்படியே திருப்பிச் சொல்ல, பூவாத்தாளுக்குத் தலைகால் புரியவில்லையாம். என் பையனைப் பாருங்கள், என் பையனைப் பாருங்கள் என்று சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாளாம். அடுத்த சந்தைக்குள் வாந்திபேதியில் பையன் போய்விட்டான்.

முதல் இரண்டுக்கும் அழுது ஊரைக் கூட்டியவள் மூன்றாவதுக்கு அழவில்லை. புதைத்துவிட்டு வந்த ஆண்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு, மாட்டுக்குச் சோளத்தட்டு அள்ளிப் போடப் போய்விட்டாள் என்று அம்மா சொல்வாள். அதற்குப் பிறகு அவள் முகத்தில் எதுவும் நிற்கவில்லை. சிரிப்பு வந்தாலும் வந்த வழியே போய்விடும். வெகுநேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும் இல்லையா, அந்த மாதிரி ஆள் முழுசும் மரத்துப்போனாள். தன் பாராட்டுத்தான் பையனைத் தின்றுவிட்டது என்று அவளுக்கு ஒரே முடிவு. அதை யாராலும் மாற்ற முடியவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலில் நாலாவது பையன் பிறந்தான். எங்கள் பக்கத்தில் இப்படிப் பிள்ளை தங்காத வீட்டில் செய்கிற காரியம் ஒன்று உண்டு. குழந்தையை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைத்துவிடுவார்கள். பிள்ளைகள் நன்றாகத் தங்கிய ஒருத்தி அந்த வழியாகத் தற்செயலாக வருகிற மாதிரி வந்து, ஒரு படி தவிடு கொடுத்து அந்தக் குழந்தையை வாங்கிக்கொள்ள வேண்டும். எமன் தேடி வந்தால் இந்த வீட்டில் பிள்ளை இல்லை, விற்றாகிவிட்டது. எங்கள் அம்மாவுக்கு அப்போது ஐந்து பிள்ளைகள், ஐந்தும் கல்லுக்குண்டு மாதிரி. நான் அதற்குப் பிறகு வந்தவள். அதனால் நாச்சிமுத்துக் கவுண்டரே எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டுக்கொண்டார்.

அம்மா அந்தக் காலைப்பொழுதை எங்களுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறாள். முறத்தில் குழந்தை கிடந்தது. பக்கத்தில் பூவாத்தாள் நின்றாள். முறைப்படி அம்மா கேட்டாள்.

"இது ஆரோட கொழந்தைங்க?"

"ஆரோடதுமில்லை. குப்பையில கெடக்குது. வேணும்னா எடுத்துட்டுப் போ."

அம்மா தவிட்டைக் கொட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். குப்பண்ணன் என்று பேர் வைத்தாள். மறுநாள் கொண்டுபோய்ப் பூவாத்தாளிடம் கொடுத்து, என் பிள்ளைக்குப் பால் கொடுத்து வளர்த்து வை என்று சொன்னாள். கலியாணத்தன்று தவிட்டைத் திருப்பி அளந்து கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ளலாம். அதுவரை பெற்றவள் அவனை மகன் என்று சொல்லக்கூடாது. அவனும் அவளை அம்மா என்று கூப்பிடக்கூடாது.

மற்ற வீடுகளில் இதையெல்லாம் பேருக்குச் செய்வார்கள். பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் மறந்துவிடுவார்கள். பூவாத்தாள் மறக்கவில்லை. வாய் தவறி ஒரு தடவை மகன் என்று சொல்லிவிட்டால் நாலாவதும் போய்விடும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. குப்பண்ணன் அவள் வீட்டில் தூங்கினான், அவள் கையால் சாப்பிட்டான், அவளை அத்தை என்று கூப்பிட்டான். எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து எங்கள் அம்மாவை அம்மா என்று கூப்பிட்டான். எனக்கு அவன் அண்ணன். தறிக்குழிப் பக்கம் உட்கார்ந்து அவன்தான் எனக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தான், தப்பாகச் சொன்னால் குட்டவும் செய்தான்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பூவாத்தாளே கூட்டிப்போனாள். அப்பா பேர் என்ன என்று வாத்தியார் கேட்டபோது சென்றாயன் என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் கவுண்டர் அதைக் கேள்விப்பட்டு, பள்ளிக்கூடத்து ஏட்டில்கூடவா இந்த சாத்திரம் என்று வருத்தப்பட்டாராம். அதற்கு அவள், "எமனுந்தானுங்க ஏட்டப் பாத்துட்டு வாரான்" என்றாளாம். எங்கள் அப்பாதான் பல நாள் கூசிப்போய்த் திரிந்தார். ஊர் மொத்தத்துக்கும் விஷயம் தெரியும், ஆனால் வாத்தியார்கள் வெளியூர்க்காரர்கள், வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள்.

பையன் கெட்டிக்காரன். அதில் பூவாத்தாளுக்குச் சங்கடம் அதிகமாயிற்று. ஆறாம் வகுப்பில் முதல் மார்க்கு வாங்கினான் என்று யாராவது சொன்னால், அது எங்கே படிக்குது, மாடு மேய்க்கக்கூட லாயக்கில்லை என்பாள். ஓட்டத்தில் ஜெயித்தான் என்றால், கொக்குக் கால் ஓடத்தான் செய்யும் என்பாள். அவன் எதிரிலேயே சொல்வாள். சின்ன வயதில் அவன் சிரித்துக்கொண்டு போய்விடுவான். வளர வளர சிரிப்பு குறைந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவளுக்கு வாய்த்த பிள்ளையின் அருமை இவளுக்குத் தெரியவில்லையே என்று அம்மாவிடம் சண்டை பிடிப்பேன். அம்மா என் தலையில் ஒரு தட்டுத் தட்டி நூல் சுற்ற அனுப்பிவிடுவாள்.

முப்பத்தேழில் அவன் எட்டாம் வகுப்புப் பரீட்சையில் தாலுகாவிலேயே முதலாவதாக வந்தான். எங்கள் பள்ளிக்கூடம் தோன்றிய நாளிலிருந்து அப்படி ஒன்று நடந்ததில்லை. அந்த வருஷம்தான் சுவாமிநாதன் என்கிற ஹெட்மாஸ்டர் கும்பகோணம் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்தார். நல்ல மனிதர், உற்சாகம் கொஞ்சம் கூடுதல். பெரிய ஆண்டு விழா நடத்த வேண்டும் என்று கிளம்பிவிட்டார். அதில் அவர் புதிதாக ஒன்று வைத்தார். பரிசு வாங்கும் பிள்ளையோடு அதைப் பெற்ற தாயாரும் மேடைக்கு வர வேண்டும், பதக்கத்தைத் தாயார் கையால்தான் சட்டையில் குத்த வேண்டும். ஊரில் அதுவரை பெண்பிள்ளைகள் மேடை ஏறியதில்லை. பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் ஹெட்மாஸ்டர் வீடு வீடாக வந்து கும்பிட்டு அழைத்ததும், எங்கே தங்கள் வீட்டை விட்டுவிடுவாரோ என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார். குப்பண்ணனைப் பெற்றதற்கு நீங்கள் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா விஷயத்தை விளக்க வாயெடுத்தார். அதற்குள் அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கே அம்மா தோட்டத்துக்குப் போய், நீயே மேடைக்குப் போ, நான் வரவில்லை என்று பூவாத்தாளிடம் சொல்லிப் பார்த்தாள். பூவாத்தாள் எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. வாங்கினவ நீதான, நீ போ என்று மட்டும் சொன்னாள்.

விழா அன்று தெருவில் தறிச் சத்தமே இல்லை. பள்ளிக்கூட மைதானத்தில் தென்னங்கீற்றுப் பந்தல், கலர்க் காகிதத் தோரணம், ஜில்லா போர்டு மெம்பர் உட்காரக் கவுண்டர் ஒருவர் வீட்டு நாற்காலி. மத்தியானமே ஓட்டப் பந்தயம், கயிறு இழுப்பு, சடுகுடு எல்லாம் முடிந்திருந்தன. குப்பண்ணன் ஓட்டத்தில் முதல். எங்கள் வகுப்புப் பெண்கள் கும்மி அடித்தோம். என் எதிரே ஆடியவள் திசை மாறிச் சுற்றி என் மூக்கில் இடித்தாள், மெம்பர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். ராஜா வேஷம் போட்ட பையனுக்குக் கிரீடம் கண்ணை மறைத்து, அவன் மந்திரிக்குப் பதிலாக வாத்தியாரைப் பார்த்து ஆணையிட்டான். ஊருக்கு அப்படி ஒரு சந்தோஷம். பெற்றவர்களெல்லாம் தங்கள் பிள்ளை எந்த வரிசையில் நிற்கிறது என்று பக்கத்திலிருப்பவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

பூவாத்தாளும் வந்திருந்தாள். பெண்கள் பக்கத்தில் கடைசியில், பந்தல் கால் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மடியில் கொஞ்சம் பச்சைக் கடலை. அதை உரித்துக்கொண்டே இருந்தாள், ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

பரிசு கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தாயும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மேடை ஏறி, ஊசி குத்தத் தெரியாமல் தடுமாறி, சிரித்து, இறங்கினாள். கடைசியில் ஹெட்மாஸ்டர் குப்பண்ணனை அழைத்தார். ஓட்டத்துக்கு ஒன்று, பாட்டு ஒப்பித்ததற்கு ஒன்று, தாலுகா முதலுக்கு வெள்ளிப் பதக்கம். கைதட்டல் நிற்கவே இல்லை. "குப்பண்ணனின் தாயார் மேடைக்கு வரணும்" என்றார்.

குப்பண்ணன் மேடையில் நின்றபடி கடைசி வரிசையைப் பார்த்தான். எங்கள் அம்மாவைப் பார்க்கவில்லை. அவனுக்கு முறை தெரியும், ஆனாலும் அன்றைக்கு ஒரு நாள் அவள் எழுந்து வந்துவிடுவாள் என்று அந்தப் பதிமூன்று வயதுப் பையன் நம்பிக்கொண்டு நின்றான். அது அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அம்மா எழுந்தவள், அவன் பார்வையைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள். கூட்டத்தில் யாரோ ஒருவர் பொறுக்கமாட்டாமல், பெற்றவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று ஹெட்மாஸ்டருக்குக் கைகாட்டிவிட்டார்.

ஹெட்மாஸ்டர் விழித்தார். பக்கத்து வாத்தியாரிடம் ஏதோ கேட்டார். பிறகு மேடையை விட்டு இறங்கி, பெண்கள் பக்கம் கட்டியிருந்த கயிறு வரைக்கும் வந்து, கும்பிட்ட கையோடு பேசினார்.

"அம்மா, குழந்தை உங்க பிள்ளைன்னு சொல்றா. எனக்குத் தெரியாமப் போச்சு. மேடைக்கு வாங்கோ."

பூவாத்தாள் கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டு எழுந்தாள். வரப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"என்ற புள்ளை இல்லீங்க சாமி," என்றாள். "ஆரோடதுமில்லைங்க. குப்பையில கெடந்துது. கண்ணாத்தா எடுத்துட்டுப் போச்சு."

சொன்ன குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சொல்லிவிட்டுத் திரும்ப உட்கார்ந்து, மிச்சக் கடலையை உரிக்க ஆரம்பித்தாள்.

நான் மேடையைப் பார்த்தேன். குப்பண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். குப்பை, தவிடு எல்லாம் அவனுக்குத் தெரியாத கதை இல்லை, பையன்கள் கேலி செய்தே கேட்டிருக்கிறான். ஆனால் மெம்பர் முன்னால், மூன்று பரிசோடு நிற்கும்போது, அவள் வாயிலிருந்து கேட்டது வேறு. எங்கள் அம்மா மேடை ஏறிப் பதக்கத்தைக் குத்தினாள். கண்ணீரில் ஊசி எங்கே இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியவில்லை, மெம்பர்தான் பிடித்துக் குத்திவிட்டார். ஜனங்கள் கை தட்டினார்கள். வேறு என்ன செய்வதென்று அவர்களுக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு அவன் எங்களோடுதான் நடந்து வந்தான். பூவாத்தாள் பின்னால் தனியாக வந்தாள். எங்கள் வாசலுக்கு வந்ததும் அவன் அம்மாவிடம் ஒன்று கேட்டான்.

"அத்தைக்கு என்னையப் புடிக்காதாம்மா?"

"உன்னைய உட்டா அதுக்கு ஆரு இருக்கறாங்க சாமி," என்றாள் அம்மா. அவன் உள்ளே வந்து எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் அம்மா பதக்கத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன், நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிட வேண்டும் என்று. பூவாத்தாள் பதக்கத்தைத் தொடவில்லை. உள்ளே போய் உப்பும் மிளகாயும் கொண்டுவந்து அம்மாவின் கையில் வைத்தாள். ஊர்க் கண்ணெல்லாம் பட்டிருக்கும், பையனுக்குச் சுற்றிப் போடு, நான் போடக்கூடாது என்றாள். அம்மாவுக்கே கோபம் வந்துவிட்டது. ஒரே ஒரு தடவை எழுந்து வந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று கேட்டாள்.

"மூணு தடவ அம்மாவா இருந்து பாத்துட்டேன், கண்ணாத்தா," என்றாள் பூவாத்தாள். "இதாச்சும் இருக்கட்டும்."

அதைச் சொல்லும்போதாவது அவள் அழுதிருக்கலாம். அழுதிருந்தால் நான் அன்றைக்கே மன்னித்திருப்பேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டாள். நான் கேட்க நினைத்த நாலு வார்த்தையும் என் வாயிலேயே நின்றுபோயின.

குப்பண்ணன் நாமக்கல்லில் ஹைஸ்கூல் சேர்ந்து, அங்கேயே ஹாஸ்டலில் தங்கினான். லீவுக்கு வந்தால் முதலில் எங்கள் வீடு, அப்புறம்தான் தோட்டம். மார்க்கு, பரிசு எதையும் பூவாத்தாளிடம் சொல்வதை நிறுத்திவிட்டான். அவளும் கேட்கவில்லை. ஆனால் அவன் வருகிற நாளில் எங்கள் வீட்டுக்கு நெய்யும் வறுத்த கடலையும் வந்துவிடும். நீ கொடுத்ததாகக் கொடு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவாள். அவன் அதைத் தின்றுகொண்டே, உங்க கை நெய் மாதிரி வராதும்மா என்பான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்குச் சொல்லிவிட வேண்டும் போல நாக்கு துறுதுறுக்கும். சொல்லக்கூடாது என்று அம்மா என் மேல் ஆணை வைத்திருந்தாள்.

நாச்சிமுத்துக் கவுண்டர் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது போய்விட்டார். கொள்ளி வைக்கிற முறை யாருக்கு என்று அய்யர் கேட்க, பூவாத்தாள் அப்போதும் மகன் என்று சொல்லவில்லை. பெரியவர்கள் கூடி, சொந்தப் பையன் கையால்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்து குப்பண்ணனை வைக்கச் சொன்னார்கள். அவள் திண்டாடிப்போய் எங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புருஷன் செத்த துக்கத்தை விட, பையனை அவர்கள் மகன் என்று சொல்லிவிட்டார்களே என்கிற பயம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அந்த வருஷம் முழுக்க அவனுக்குச் சளி பிடித்தால்கூடத் தோட்டத்திலிருந்து ஆள் வந்துவிடும்.

அவன் சாகவில்லை. நன்றாக வளர்ந்தான், திருச்செங்கோடு தாலுகா ஆபீசில் குமாஸ்தா ஆனான். நாற்பத்தாறில் கலியாணம் கூடிவந்தது. பெண் வசந்தாமணி, சங்ககிரிப் பக்கம், நல்ல இடம். முகூர்த்தத்துக்கு முன்னால் பிள்ளையை மீட்கிற காரியம் நடந்தது. ஊரே பந்தலில் கூடியிருந்தது. சுவாமிநாதன் ஹெட்மாஸ்டரும் ஓய்வு பெற்றபின் இந்த ஒன்றைப் பார்ப்பதற்காகவே ரயிலேறி வந்திருந்தார். முன்வரிசையில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

பூவாத்தாள் ஒரு படி தவிட்டைத் தலை தட்டி அளந்து எங்கள் அம்மாவின் முறத்தில் கொட்டினாள். அம்மா வாங்கிக்கொண்டு, உன் பிள்ளையை நீ எடுத்துக்கொள் என்று முறைப்படி சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது, முறத்தோடு நகர்ந்து பூவாத்தாளின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். கடன் தீர்ந்தது. இனிமேல் எமன் வந்து கேட்டாலும் பயமில்லை, அவள் மகன் என்று சொல்லலாம், கட்டிப்பிடித்து அழலாம். இருபத்திரண்டு வருஷமாக அவள் காத்திருந்த நாழிகை அது. பந்தலில் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தயாராக நின்றார்கள். நானும்தான்.

குப்பண்ணன் பட்டு வேட்டியோடு அவள் எதிரில் வந்து நின்றான். அந்த ஆண்டு விழா மேடையில் பார்த்த அதே முகம் எனக்குத் தெரிந்தது. அவள் காலில் விழுந்து எழுந்து, அவளை நேராகப் பார்த்து, வாய் விட்டுக் கூப்பிட்டான்.

"அம்மா."

பூவாத்தாள் சட்டென்று விலகி வழி விட்டாள். திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

"கண்ணாத்தா," என்றாள், "உன்னையத்தான் கூப்புடறான்."